கழுவி வைத்த கண்ணாடிக் குழாய்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேறொன்று ஞாபகம் வந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். இது நடந்த வருடம் எண்பத்தாறா, எண்பத்தேழா என்று கேட்டால் தெரியாது. மாசி மாதம் என்பது மட்டும் நிச்சயம். மறந்ததையும் மாற்றி எழுதியதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது நாமக்கல்லுக்கு வெளியே, கோழிகளை வைத்து ஆராய்ச்சி பண்ணுகிற ஓர் இடத்தில் கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தேன். நிரந்தரம் இல்லை. வேண்டாம் என்றால் மறுநாள் நின்றுகொள்ள வேண்டியதுதான். வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் பாடி கட்டுகிற வேலை. நான் அதிகம் பேசமாட்டேன். பெரிய சார் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்றுகொள்வேன். பெரிய சார் என்பது அங்கே தலைமையில் இருந்தவர். அவருக்குக் கீழே மூன்று பேர் படித்தார்கள். அதில் ஒருத்திதான் பெண்.

அந்தப் பெண்ணுக்குச் சொந்த ஊர் இளம்பிள்ளை. நெசவு வீடு. அவளை நான் அம்மணி என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஒல்லியாக இருப்பாள், பேச்சு மட்டும் தறி ஓடுகிற வேகம். அவளுக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. மாசி முடிந்ததும் பெரிய சார் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறார். அதற்குள் அவள் தன் கடைசிச் சோதனையை முடித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் வருகிற புது ஆளிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "மூணு வருசம்கா, ஒரு மாசத்துல தொங்குது" என்பாள்.

சோதனை கோழிக்குஞ்சுகளை வைத்து. முட்டையிடுகிற வயதுக்கு வெகுநாள் இருக்கிற பொட்டைக் குஞ்சுகள். தினம் காலையில் எண்ணெயில் கலந்த ஒரு மருந்தை அதுகளுக்குத் தொடையில் ஊசி போடுவாள். நான் குஞ்சைப் பிடித்துக்கொள்வேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடிப்பது தெரியும். பத்து நாள் போட்டாள், பிறகு நிறுத்தினாள். நிறுத்தியபின் இரண்டு வாரம் சும்மா தீனி மட்டும். அதற்குப் பிறகு மறுபடி ஊசி என்று திட்டம்.

"போடறீங், நிறுத்தறீங், திரும்பப் போடறீங். எதுக்கு சாமி இந்தப் பாடு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, எங்க ஊட்டுப் பரண்ல முப்பது டிசைன் அட்டைக் கட்டு கெடக்குது. தறிக்கு மேல தொங்க உடுவாங்க, ஓட்டை ஓட்டையா இருக்கும், பாத்திருக்கீங்களா? எந்த இழை மேல ஏறோணும்னு அந்த ஓட்டைதான் சொல்லும். மாங்காய்க்கு ஒரு கட்டு, மயிலுக்கு ஒரு கட்டு. முப்பதையுமா ஒரே சீலையில நெய்வாங்க?"

"ஆர்டர் வந்ததைத்தான நெய்வாங்க."

"அவ்வளவுதானுங்கக்கா. இந்தக் குஞ்சோட ஒடம்புல கோடிக்கணக்குல செல்லு இருக்குது. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அதே பரண், அதே அட்டை பூராவும் இருக்குது. ஈரல்லயும் அதேதான், கொண்டையிலயும் அதேதான். எந்த எடத்துல எதை எறக்கறதுங்கறதுலதான் சூச்சமமே."

அப்புறம் இன்னொன்று சொன்னாள். அவள் அப்பா மூல அட்டையை யாருக்கும் கையில் கொடுக்கமாட்டாராம். அதைப் பார்த்து நகல் குத்தித்தான் தறிக்காரருக்குக் கொடுப்பார். செல்லும் அப்படித்தானாம். மூலம் பரணிலேயே இருக்கும். அதிலிருந்து எடுக்கிற நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். அந்த நகலைப் பார்த்துத்தான் வெள்ளைக்கருவுக்கு வேண்டிய சத்தைச் செல் செய்கிறது. அவள் குஞ்சுக்குப் போடுகிற மருந்து, பெட்டைக் கோழிக்கு வயது வந்தால் தானாகச் சுரக்கிற சத்தைப் போன்றது. அது செல்லுக்குள் போய், தனக்கென்றே அங்கே காத்திருக்கிற ஒன்றோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து போய் வெள்ளைக்கரு அட்டையின் பக்கத்தில் உட்காரும். அதற்குப் பிறகுதான் நகல் குத்துகிற ஆள் அங்கே வந்து வேலையைத் தொடங்குவான்.

"மருந்து நின்னு போச்சுன்னா?"

"ஒக்காந்தது எந்திரிச்சுப் போயிரும். நகல் நின்னு போயிரும். இருக்கற நகலும் கொஞ்ச நேரத்துல மக்கிப் போயிரும்கா. அது மக்கறதுதான் நல்லது. இல்லாட்டி வேண்டாதப்பவும் செஞ்சுக்கிட்டே கெடக்கும்ல? ஆனா, ரெண்டாந்தரம் ஊசி போட்டா மொதத்தரம் மாதிரி நாள் ஆவறதில்லை. ஒரே நாள்ல நகல் குமிஞ்சிரும். அது ஏன், எவ்வளவுன்னுதான் நான் பாக்கறேன்."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப சேவலுக்குள்ளயும் முட்டை அட்டை இருக்குமா சாமி?"

அவள் எழுந்தே விட்டாள். "இருக்குதுங்கக்கா! பரண்ல தூங்குது. இந்த ஊசியைச் சேவலுக்குப் போட்டா அதோட ஈரலு மஞ்சக்கருச் சத்தைச் செஞ்சு ரத்தத்துல உட்டுரும். முட்டைதான் வராது."

அந்தக் கூடத்தில் அட்டெண்டர் ஒருவர் இருந்தார். குஞ்சுகளை அறுப்பதும் மெஷினைக் கழுவுவதும் அவர் வேலை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "ஏனம்மணி, அப்ப எனக்கு ஒரு ஊசி போட்டா நான் பாலு குடுப்பனா?" என்றார்.

"உங்களுக்கு மொதல்ல வேலை செய்யற அட்டையை எறக்கோணும்ணா. அது எந்தப் பரண்ல கெடக்குதுன்னே தெரியல."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகிறபோது வழியில் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு சேவலை நின்று பார்த்தேன். அதற்குள்ளே தூங்குகிறது என்று நினைத்தால் என்னவோ போல இருந்தது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மறுபடி ஊசி போட்டு, மறுநாள் காலையில் குஞ்சுகளை அறுத்து, முட்டைக்குழாயை எடுத்து அரைத்து, நகலைப் பிரிப்பது என்று நாள் குறித்தாகிவிட்டது. மூன்று வகைக் குஞ்சுகள்: ஊசியே பார்க்காதவை, போட்டு நிறுத்தினவை, நிறுத்தி மறுபடி போட்டவை. மூன்றுக்கும் தனித்தனிக் கண்ணாடிக் குழாய்கள். அந்தக் குழாய்களை வெள்ளித்தாளில் சுற்றி, கரண்ட் அடுப்பில் பல மணி நேரம் காய வைத்து எடுத்தாள். மூன்று பொட்டலம். மேசைமேல் வைத்துவிட்டு, "அக்கா, இதைத் தொட்றாதீங்" என்றாள். அடுப்பிலிருந்து வந்த பாத்திரம் அல்லவா, சுடும் என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று அவளுக்கு ஜுரம். குஞ்சுகளுக்கு மறு ஊசியைப் போட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் விடுதிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் நான் கூட்டப் போனபோது, ஒரு பொட்டலத்தின்மேல் பல்லி எச்சம் கிடந்தது. தாளும் அந்த இடத்தில் கிழிந்திருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் ஒரு பழக்கம். முந்தின நாள் கழுவிக் கவிழ்த்த சொம்பாக இருந்தாலும், வந்தவர்களுக்குத் தண்ணீர் மொள்ளும்போது ஓர் அலசு அலசித்தான் கொடுப்போம். அலசாமல் கொடுத்தால் வந்தவரை மதிக்கவில்லை என்று ஆகும். அதிலும் பல்லி எச்சம் பட்டதை யார் புழங்குவார்கள்? ஜுரத்தோடு வருகிற பெண், இதையும் கழுவிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று தோன்றியது. தொட்டுப் பார்த்தேன், நன்றாக ஆறியிருந்தது. மூன்று பொட்டலத்தையும் பிரித்தேன். ஒன்றைக் கழுவி மற்றதை விட மனசு வரவில்லை. அங்கே குழாயில் வருகிற தண்ணீர் உப்பு, கறை படியும். அதனால் நான் குடிக்கக் கொண்டுபோயிருந்த நல்ல தண்ணீரை ஊற்றி ஒவ்வொன்றாக அலசினேன். துவைத்த முந்தானையின் நுனியை உள்ளே விட்டுத் துடைத்தேன். கிழிந்த தாளை எறிந்துவிட்டுப் புதுத் தாளில், அவள் சுற்றினது போலவே சுற்றி வைத்தேன். மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட.

அவள் வந்தாள், கையுறை போட்டுக்கொண்டாள், வேலையை ஆரம்பித்தாள். நகலைப் பிரிக்க ஊற்றுகிற மருந்து ஒன்று, கூடம் முழுக்க ஆஸ்பத்திரி பினாயில் போல வாசம். கடைசியில் அரைத்துத் தெளிந்த நீரைக் குளிர்ந்த சாராயத்தில் விட்டு ஐஸ் பெட்டிக்குள் வைப்பார்கள். மறுநாள் பார்த்தால் நகல்கள் எல்லாம் வெள்ளையாக, இளநீர் வழுக்கையைப் பிய்த்துப் போட்டதுபோல அடியில் படிந்திருக்க வேண்டும். முன்னே பழகிப் பார்த்தபோது எனக்கும் காட்டியிருக்கிறாள்.

மறுநாள் மூன்றிலும் ஒன்றுமே இல்லை. தண்ணீர் தண்ணீராக நின்றது.

அவள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அசைத்தாள். வேறு பக்கம் திருப்பிப் பார்த்தாள். பெரிய சார் வந்து பார்த்துவிட்டு, அந்த வாசக் குப்பியை எடுத்தார். மருந்து லேசாகச் சிவந்திருந்தது. "இது கெட்டுப்போச்சும்மா. மெட்ராஸ்ல இருந்து புதுசு வரணும். மூணு வாரம் ஆகும்" என்றார். மாசியில் அப்போது பத்து நாள்கூட மிச்சமில்லை. மிச்சம் இருந்த குஞ்சுகளை வைத்துத் தீனி போட்டுப் பிரயோசனமில்லை, நாளைக்கு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று அட்டெண்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் தரையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் போனேன்.

"மருந்து கெட்டா எல்லாம் போயிருமா சாமி?"

"போயிரும்கா. அந்த நகலு ரொம்பத் தொட்டாச்சிணுங்கி. நம்ம வெரல் வேர்வையிலயே அந்த நகலைத் திங்கற ஒண்ணு இருக்குது. ஒரு வெரல் பட்டாப் போதும். தண்ணி ஊத்திக் கழுவுனாலும் போவாது. அதுக்குத்தான் அடுப்புல அப்படிக் காய வெக்கறது. நான் கை படாமத்தான செஞ்சேன்? அப்ப மருந்துதான் கெட்டிருக்கோணும்."

துடைக்கிற துணி என் கையிலேயே நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்ததும் கேட்டார். "என்ன மொகம் ஒரு மாதிரியா கெடக்குது?" சொன்னேன்.

"சொல்லிப் போடாதே. மருந்து கெட்டுச்சுன்னு அவிங்களே முடிவு பண்ணியாச்சு. நீ போயி நான்தான்னு நின்னா, நாளைக்கு உன்னைய வரச் சொல்லுவாங்களா?"

"அந்தப் புள்ளைக்கு மூணு வருசமுங்."

"நமக்கு இந்த மாசமே இன்னும் பாக்கி இருக்குது."

அவர் கெட்டவர் இல்லை. பயந்துதான் சொன்னார். எனக்கும் பயம்தான். ஆனால் ஒன்று மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. மருந்து கெடவில்லை என்றால், மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். மிச்சக் குஞ்சுகள் ஆறு இருக்கின்றன. இரண்டு ஊசியே பார்க்காதவை. நான்கு, போட்டு நிறுத்தினவை. ஒன்றிரண்டு செத்தால் ஆகும் என்று கூடுதலாக வளர்த்தவை. நிறுத்தினதற்கு மறுபடி ஊசி போட்டால் ஒரே நாளில் நகல் குமிந்துவிடும் என்று அவள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அந்தக் குஞ்சுகள் போய்விட்டால்தான் எதுவும் இல்லை.

மறுநாள் காலையில் அட்டெண்டர் மூங்கில் கூடையோடு வந்தார். நான் கூண்டுக் கதவின் முன்னால் நின்றேன்.

"நவுரும்மா."

"இல்லீங்ணா."

"என்ன இல்லீங்? சார் சொன்னது காதுல உழுவலையா? நேத்து வரைக்கும் இது ஊமைன்னு நெனச்சேன், இன்னைக்கு வழி மறிக்குது!"

"அம்மணி வரட்டுமுங். இதுகளைக் குடுக்கமாட்டேன்."

அவர் சிரித்தார், பிறகு சத்தம் போட்டார். சத்தம் கேட்டு அவளே வந்துவிட்டாள். நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. வார்த்தை வரவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் கிடந்த ஒரு பழைய குழாயை எடுத்து, தண்ணீர் ஊற்றுவதுபோல் சாய்த்து, முந்தானை நுனியை உள்ளே விட்டுத் துடைத்துக் காட்டினேன்.

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு முகம் மாறியது.

"எப்பக்கா?"

"அறுக்கற அன்னைக்குக் காத்தால. பல்லி எச்சம் போட்டிருந்துச்சு சாமி."

"மூணு பொட்டலத்தையுமா?"

"மூணையுமுங்."

அட்டெண்டர் வாயைத் திறந்தார். "மூணு வருசப் படிப்பை முந்தானையில தொடச்சு..." அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூண்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குஞ்சுகள் என்னமோ தீனி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் ஊசி.

"நாலுல ரெண்டைப் புடிங்கக்கா."

பிடித்தேன். போட்டு முடித்தபின் அவள் என் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "தொடாதீங்கன்னு மட்டும் சொன்னேன். எதுக்குன்னு சொல்லலை. சொல்லியிருக்கோணும்."

அன்று சாயங்காலம் குழாய்களைத் திரும்பவும் அடுப்பில் வைத்தாள். இந்தத் தடவை எடுத்து மேசையில் வைக்கவில்லை, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை என்னிடம் கொடுத்தாள். என்னிடம் ஏன் கொடுத்தாள் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "வேலை போவலையா?" என்றார். "தெரியலீங்" என்றேன்.

மறுநாள் அறுத்தார்கள். நான் வழக்கம்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதே சிவந்த மருந்துதான், வேறு இல்லை. அதற்கடுத்த நாள் காலையில் ஐஸ் பெட்டியைத் திறக்கிறபோது அம்மணி, அட்டெண்டர், நான் மூன்று பேரும் நின்றோம். ஊசி பார்க்காத குஞ்சின் குழாயில் அடியில் ஏதோ பொடிபோல, இருக்கிறதா இல்லையா என்கிற அளவு. நிறுத்தினதில் கொஞ்சம். மறுபடி போட்டதில், ஒரே ஒரு நாள் ஊசிக்கு, வெள்ளை வெளேரென்று திரிதிரியாகக் கிடந்தது. எல்லா வகை நகலும் அதில் கலந்துதான் இருக்கும், வெள்ளைக்கரு நகல் எவ்வளவு என்று இனிமேல்தான் பிரித்துப் பார்க்கவேண்டும் என்றாள். ஆனாலும் அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் போதும்.

"அடேங்கப்பா, சொல்லி வெச்ச மாதிரி எறங்கியிருக்குது" என்று அட்டெண்டர்கூடச் சொன்னார்.

பெரிய சார் வந்து பார்த்தார். "அப்ப மருந்து நல்லாத்தான் இருந்திருக்கு. முதல் தடவை என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

நான் சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன். அம்மணி என் பக்கம் திரும்பவே இல்லை.

"பாத்திரம் சரியா இல்லீங்க சார். நான்தான் கவனிக்கலை."

"மூணு வருஷம் கழிச்சுமா இந்தத் தப்பு?" என்றார் அவர். கொஞ்ச நேரம் கடிந்துகொண்டார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அட்டெண்டர் என்னைப் பார்த்தார். 'நானுங்க சார்' என்று சொல்ல இரண்டு வார்த்தைதான். கூண்டுக்கு முன்னால் வந்த தைரியம் அவருக்கு முன்னால் வரவில்லை.

மாசி முடிவதற்குள் அவளுக்குக் கையெழுத்து கிடைத்தது. எனக்கும் வேலை போகவில்லை. அதற்குப் பிறகும் நான்கைந்து வருடம் அங்கே இருந்தேன்.

ஊருக்குப் போகிற அன்று அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். நான் சொம்பை எடுத்து, பழக்க தோஷம், ஓர் அலசு அலசினேன். அலசின பிறகுதான் ஞாபகம் வந்து, சொம்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "குடுங்கக்கா, நான் ஒண்ணும் நகல் இல்லை, மக்கிப் போவமாட்டேன்" என்று வாங்கி மொத்தத்தையும் குடித்தாள். "வாரேன்" என்று போனவள்தான். பிறகு பார்க்கவில்லை. அவள் அப்பா தறியை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வேறு ஊர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

பெரிய சார் கேட்டபோது சொல்லாததைத்தான் இப்போது எழுதியிருக்கிறேன். ஊசி பத்து நாளா பன்னிரண்டு நாளா, இடைவெளி இரண்டு வாரம்தானா, சேவல் ஈரலைப் பற்றி நான் எழுதினது சரியா, இதையெல்லாம் படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். இன்னொன்றும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைப் பற்றி அவள் பட்டத்துக்காக எழுதிக் கொடுத்த புத்தகம், தடித்த அட்டை போட்டது, எங்கேயாவது ஒரு நூலகத்தில் இருக்கும். முதல் தடவை ஏன் ஒன்றும் படியவில்லை என்று அதில் என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குப் படித்துச் சொல்லுங்கள். அவளுடைய கவனக்குறைவு என்று இருந்தால், அந்த இடத்தில் பென்சிலாலாவது குறித்து வையுங்கள். கழுவியது நான்.